ஓடைக்கு ஒரு எண் வாங்குவது: அலாஸ்காவின் சால்மன் நீர்நிலைப் பட்டியல், ஒரு மதிப்பீடு

அலாஸ்காவில் ஒரு ஓடையில் சால்மன் இருப்பது வேறு, இருப்பதாக அரசாங்க ஏட்டில் ஏறியிருப்பது வேறு. சட்டம் பார்ப்பது ஏட்டை. கடலில் வளர்ந்து நன்னீருக்குத் திரும்பி முட்டையிடும் மீன்களுக்கு, அதாவது ஆறேறும் மீன்களுக்கு, முட்டையிடவும் வளரவும் போய்வரவும் முக்கியமான நீர்நிலைகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் அந்த ஏட்டை நடத்துவது மாநில மீன், வனவிலங்குத் துறை. களத்தில் இருப்பவர்கள் ஏடபிள்யூசி என்பார்கள். இங்கே பட்டியல் என்றே சொல்வோம்.

சுரங்கம், சாலை, மரம் வெட்டு என்று எது வந்தாலும் முதலில் மனு எழுதுவதும் அஞ்சலட்டை அனுப்புவதும்தான் ஊர்க்குழுக்களுக்கு நினைவுக்கு வரும். அதற்கும் இடம் உண்டு. ஆனால் சாதாரண ஆள் படிவம் நிரப்பி, சட்டப் பாதுகாப்பின் எல்லையையே நகர்த்தக்கூடிய சேவைகள் குறைவு. இது அப்படி ஒன்று: மீனைக் கண்ட ஓடையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாரும் பரிந்துரை அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறையும் ஒன்றரை ஏன் என்பதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம், அது சின்னக் குறை அல்ல.

முதலில், பட்டியலில் ஏறினால் என்ன கிடைக்கும்? மாநிலச் சட்டத்தின் 16.05.871 பிரிவுப்படி, பட்டியலில் உள்ள ஆற்றையோ ஏரியையோ ஓடையையோ திருப்ப, தடுக்க, மாசுபடுத்த, இயல்பான ஓட்டத்தையோ படுகையையோ மாற்ற முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். படுகையில் டயர் வண்டியோ செயின் வண்டியோ தோண்டும் இயந்திரமோ இறக்குவதானாலும் இதே கதைதான். அனுமதி இல்லாமல் செய்தால் குற்ற வழக்கு. பட்டியலில் இல்லாத ஓடைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. மீன் போய்வரும் பாதையை அடைக்கக் கூடாது என்ற 841-ஆம் பிரிவு மட்டும் தனியாக நிற்கும், அது அணை, கல்வெர்ட் போன்றவற்றோடு முடிந்துவிடுகிறது.

பட்டியலில் இப்போது ஏறத்தாழ 20,000 நீர்நிலைகள் இருக்கின்றன. இன்னும் குறைந்தது 20,000 கண்டறியப்படாமல் கிடக்கின்றன என்பது துறையே ஒப்புக்கொள்ளும் கணக்கு. நிரூபிக்கும் சுமை முழுக்க மீன் பக்கம் நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்காத ஓடை, காகிதத்தில் மீனில்லாத ஓடை. ஊர்க்காரர்களுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

வரைபடத்தைப் படிப்பது

துறையின் இணையதளத்தில் ஊடாடும் வரைபடம் ஒன்று இருக்கிறது, பதிப்பித்த பட்டியலும் அட்லஸும் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்து கிடைக்கின்றன. ஆர்க்டிக், உள்நாடு, தென்மையம், தென்கிழக்கு, தென்மேற்கு, மேற்கு. கணினியில் திறக்கும் ஜிஐஎஸ் வரைபடத் தரவுக் கோப்புகளையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வரைபடம் வேகமாக வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. செயற்கைக்கோள் இணைப்பில் இருக்கும் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இதைத் திறப்பவர்கள் கோப்பை ஒரே தடவை இறக்கி வைத்துக்கொள்வது மேல்.

ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு நீண்ட எண். கடலில் கலக்கும் தாய் ஆற்றில் தொடங்கி, கிளை, கிளையின் கிளை என்று கோடு போட்டுப் போட்டு நீளும். எண் எவ்வளவு நீளமோ ஓடை அவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பொருள். பெயரே இல்லாத ஓடைகளுக்கு இந்த எண்ணின் வால்பகுதியே பெயராகிவிடுவதும் உண்டு. குக் இன்லெட்டின் மேற்குக் கரையில் சூயிட்னா நிலக்கரிச் சுரங்கம் வெட்டி எடுக்கவிருந்த மிடில் கிரீக்கை ஆவணங்கள் பலவும் 2003 என்றே குறிப்பிட்டன.

எண்ணுக்குப் பக்கத்தில் மீன் குறியீடு. கே என்றால் சினூக், எஸ் என்றால் சாக்கை, சிஓ கோஹோ, சிஹெச் சம், பி பிங்க், டிவி டாலி வார்டன். முதல் ஐந்தும் சால்மன் இனங்கள், டாலி வார்டன் அவற்றின் உறவுக்கார மீன். அதோடு ஒட்டிய சிறிய எழுத்துதான் முக்கியம். எஸ் இருந்தால் முட்டையிடுகிறது, ஆர் இருந்தால் குஞ்சு வளர்கிறது, பி இருந்தால் கண்ணில் பட்டது, அவ்வளவே. சிஓ-வுக்குப் பக்கத்தில் வெறும் பி மட்டும் நிற்கும் ஓடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டையிடுவதையோ குஞ்சு வளர்வதையோ நிரூபித்தால் பதிவு வலுப்பெறும். புது ஓடை தேடி அலைவதைவிட இது பல நேரம் சுலபம், பலனும் குறைவில்லை. எந்த மாதத்தில் படுகையைத் தொடக்கூடாது என்று அனுமதியில் நிபந்தனை எழுதுபவர் பார்ப்பது இந்தச் சின்ன எழுத்தைத்தான்.

பலர் கவனிக்காமல் விடுவது மேல் எல்லைப் புள்ளியை. பட்டியலில் ஓடைக்கு இரண்டு புள்ளிகள் உண்டு, கழிமுகம் ஒன்று, பதிவின் மேல்முனை ஒன்று. மேல்முனைக்கு மேலே சட்டம் பேசாது. மீன் அதோடு நின்றுவிடுகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஆய்வாளர் அதோடு திரும்பிவிட்டார், ஹெலிகாப்டர் அங்கேதான் இறங்கியது, வெளிச்சம் போய்விட்டது என்பதுதான் நிஜக் காரணம். வரைபடத்தில் நீலக் கோடு ஒரு நீர்வீழ்ச்சியிலோ செங்குத்துப் பாறையிலோ முடியாமல் சமவெளி நடுவே சும்மா முடிந்திருந்தால், அதற்கு மேலே போய்ப் பார்க்க வேண்டிய ஓடை அது. சுரங்கத் திட்டங்கள் பெரும்பாலும் குறிவைப்பது இந்தத் தலையோடைகளைத்தான். தாது மலையடிவாரத்தில் இருக்கிறது, ஓடை பிறப்பதும் அங்கேதான்.

களவேலை

இரண்டு வழி உண்டு: கரையில் நின்று கண்ணால் பார்ப்பது, கூடு போட்டுக் குஞ்சு பிடிப்பது.

கண்ணால் பார்ப்பதற்கு மீன்பிடி ஆய்வு அனுமதி தேவையில்லை. போலரைஸ்டு கண்ணாடி, தேதியும் இடமும் பதியும் கேமரா, ஜிபிஎஸ், பென்சில், நனையாத நோட்டு, கரடி ஸ்பிரே இருந்தால் போதும். முட்டையிட வந்த பெரிய மீனைக் காண்பதுதான் இங்கே குறி. சாக்கைக்கு ஜூலை, ஆகஸ்ட்டும் கோஹோவுக்கு செப்டம்பருக்குப் பிறகும் பல ஆறுகளில் ஒத்துவரும், ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். உள்ளூரில் வலை போடுபவர்களைக் கேட்டால் எந்தக் கையேட்டையும்விடச் சரியாகச் சொல்வார்கள். பிங்க் சால்மனில் ஒரு பொறி இருக்கிறது. அதன் ஆயுள் இரண்டே வருடம் என்பதால் ஒற்றைப்படை வருட மீனும் இரட்டைப்படை வருட மீனும் ஒன்றோடொன்று கலக்காத தனி வழிகள். ஒரு வருடம் நிரம்பி வழியும் ஓடை அடுத்த வருடம் காலியாகக் கிடக்கலாம். காலி வருடத்தில் போய்ப் பார்த்துவிட்டு இங்கே ஒன்றுமில்லை என்று கைவிட்ட ஓடைகள் இருக்கும்.

கூடு போடுவதற்கு மீன், வனவிலங்குத் துறையின் ஆய்வு அனுமதி கட்டாயம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். அனுமதியில்லாமல் பிடித்த மீனை ஆதாரமாகக் காட்டினால் உங்கள் தவறுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நிலம் பழங்குடிக் கார்ப்பரேஷனுக்கோ தனியாருக்கோ சொந்தமென்றால் அவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கூடு என்பது கால் அங்குலக் கண் கொண்ட கம்பி வலை உருளை. இரண்டு பாதியாகப் பிரியும், இரு முனையிலும் உள்நோக்கிச் சரியும் புனல், நடுவே ஒரு அங்குலத் துவாரம். இரை சால்மன் சினை. அயோடின் கரைசலில் கிருமி நீக்கிய சினை வேண்டும், இல்லையென்றால் வேறு ஆற்று நோயை நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். சினையைத் துளையிட்ட சின்ன டப்பாவில் போட்டுக் கட்டினால் வாசனை கசியும், மீன் தின்று வயிற்றை நிரப்பாது. வைக்க வேண்டிய இடம் சுழிக்கும் வேகநீர் அல்ல. கரை அடியில் குடைந்த இருட்டு, விழுந்த மரத்தின் மறைவு, பீவர் குளத்தின் ஓரம், பக்கவாட்டு வாய்க்கால் ஆகியவை சரிப்படும். கோஹோ குஞ்சுகள் ஒரு வருடமோ இரண்டு வருடமோ நன்னீரில் இருக்கும், தாண்டிப் போகக்கூடிய அகலமுள்ள வாய்க்காலிலும் ஏறும். இவ்வளவு சின்னதில் என்ன இருக்கப் போகிறது என்று தோன்றும் இடத்தில்தான் கூடு போட வேண்டும்.

ஒரு இரவு வைத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் வற்றிக் கூடு வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும். நெரிசல் கூடினால் ஆக்சிஜன் தீரும். ஸ்கல்பின் என்ற இரைதின்னி மீன் மாட்டியிருந்தால் சின்னக் குஞ்சுகளைக் கூட்டுக்குள்ளேயே விழுங்கிவிடும். நீர்நாயும் கரடியும் சினை வாசனைக்கு வரும். கயிற்றைத் தண்ணீருக்குள் நன்றாகக் கட்டி, கூட்டில் அனுமதி எண்ணும் பெயரும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்து, அளந்து, படமெடுத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

இந்தக் கூட்டில் பிங்கும் சம்மும் சிக்குவது அபூர்வம். முட்டையிலிருந்து வந்தவுடன் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். அவற்றுக்குப் பெரிய மீனைத்தான் பார்க்க வேண்டும்.

அடையாளம் காண்பதில்தான் பரிந்துரைகள் சறுக்குகின்றன. கோஹோவும் டாலி வார்டனும் ஒரே கூட்டில் சேர்ந்து வரும், பார்வைக்கு இரண்டும் பக்கவாட்டில் கறுத்த பட்டையுள்ள விரல்நீள மீன். கோஹோ குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். குதத் துடுப்பின் முன்விளிம்பு வெள்ளையாக இருக்கும், அதை ஒட்டி உள்ளே ஒரு கறுப்புக் கோடு ஓடும், முன்கதிர்கள் நீண்டு துடுப்பு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். பக்கப் பட்டைகள் ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும். சினூக் குஞ்சில் பார்க்க வேண்டியது முதுகின் பின்னால் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பு. அதன் ஓரம் கறுத்து, நடுவில் நிறமில்லாமல் வெளிச்சம் ஊடுருவும். கோஹோவில் அது முழுக்க நிறம் படிந்திருக்கும். டாலியில் கருமையான உடம்பில் வெளிர் புள்ளிகள், பட்டைகள் அகன்று ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக இருக்கும், குதத் துடுப்பின் அடி குட்டை. மீனைக் கையில் பிடித்துப் படமெடுத்தால் இதில் எதுவுமே தெரியாது, துடுப்பு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து, துடுப்பு விரியும்வரை கொஞ்சம் பொறுங்கள். முழு உடம்புக்கு ஒன்று, குதத் துடுப்புக்கு ஒன்று, கொழுப்புத் துடுப்புக்கு ஒன்று என்று மூன்று படம் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு, அதனாலேயே கோஹோ இந்த வேலைக்கு மிகத் தோதான மீன். டாலி வார்டனிலும் ரெயின்போ டிரவுட்டிலும் கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே காலம் கழிக்கும் வகை உண்டு. சாக்கையிலும் ஏரியிலேயே தங்கும் கொக்கனி இருக்கிறது. ஆகவே ஒரு டாலியைக் காட்டினால், இது கடலுக்குப் போய் வருவது என்பதற்கு என்ன சாட்சி என்ற கேள்வி வரும். கோஹோ குஞ்சைக் காட்டினால் அந்தக் கேள்வி எழாது. அதன் தாய் கடலிலிருந்து அங்கே ஏறி வந்திருக்கிறது, தீர்ந்தது.

ஒரே ஒரு மீனை வைத்துப் பரிந்துரை எழுதாதீர்கள். பல குஞ்சுகள், முடிந்தால் வெவ்வேறு அளவில், முடிந்தால் வெவ்வேறு தேதியில் இருந்தால் கேள்வி கேட்க இடமிருக்காது.

படிவம்

பரிந்துரைப் படிவம் எளிமையானதுதான். அதற்காகத் துறையைப் பாராட்ட வேண்டும். மேலே நான்கு கட்டம்: புதிதாகச் சேர்க்க, நீக்க, திருத்த, ஏற்கெனவே இருப்பதற்குக் கூடுதல் ஆதாரம் தர. வட்டாரம், யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வரைபடத் தாளின் பெயர், ஓடையின் அதிகாரப்பூர்வப் பெயர் அல்லது உள்ளூர்ப் பெயர், மீன் இனம், பார்த்த தேதி, முட்டையிடலா வளர்ப்பா இருப்பா என்பது. கீழே பார்த்தவரின் கையெழுத்து, அந்தப் பகுதிக்கான துறை உயிரியலாளர் கையெழுத்திடவும் ஓர் இடம் உண்டு.

உண்மையான கனம் இணைப்பில். எத்தனை மீன், எந்தப் பருவத்து மீன், எந்த முறையில் பிடித்தது, எத்தனை நேரம் கூடு கிடந்தது, எவ்வளவு தூரத்துக்குத் தேடியது, களக் குறிப்பின் நகல். கூடவே வரைபடம், அதில் கழிமுகமும் ஒவ்வொரு இனத்தையும் கண்ட மேல்முனையும் குறித்திருக்க வேண்டும். வழியில் தடை ஏதும் இருந்தால் அது எங்கே, என்ன வகை, எத்தனை உயரம். நீர்வீழ்ச்சியைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அளவுகோலோ ஆளோ நிற்கட்டும். உயரத் தகவல் இல்லாத நீர்வீழ்ச்சிப் படம் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

ஆயத்தொலைவில் ஒரு பழைய வம்பு இருக்கிறது. யுஎஸ்ஜிஎஸ் பழைய தாள்கள் 1927-ஆம் ஆண்டு அடிக்கோளில் (ஆயத்தொலைவைக் கணக்கிடும் அடிப்படையில்) வரையப்பட்டவை, கையில் இருக்கும் ஜிபிஎஸ் வேறு அடிக்கோளில் பேசுகிறது. எந்த அடிக்கோள் என்று எழுதாமல் விட்டால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடலாம். தலையோடைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடத்தில் நூறு மீட்டர் என்றால் அடுத்த ஓடை. தசமப் பாகையில் ஐந்து இலக்கம், அடிக்கோளின் பெயர், இரண்டையும் எழுதுங்கள். நடந்த தடத்தின் ஜிபிஎஸ் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வரைபடத்தில் ஓடையே இல்லாத இடத்தில் நிஜத்தில் ஓடை ஓடினால் அந்தத் தடமே புதுக் கோடாகும்.

மீனைப் பார்த்தவர் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று துறை எதிர்பார்க்கிறது. பட்டம் இல்லாத ஊர்க்குழுக்கள் இங்கே தயங்கிவிடுகின்றன. தயங்க வேண்டியதில்லை. பெரும்பாலான பரிந்துரைகள் துறையின் சொந்த உயிரியலாளர்களிடமிருந்தே வருகின்றன என்றாலும் தனிநபர்கள் அனுப்புவதும் ஏற்கப்படுகிறது. மீன் உயிரியல் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்றவராகவோ பழங்குடி மன்றத்தில் வேலை செய்பவராகவோ இருந்தாலும் சரி, களத்துக்குக் கூட அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குவதுதான் சுருக்குவழி. பகுதி உயிரியலாளரிடம் கோடைக்கு முன்பே ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். எந்த ஓடையில் அவருக்கே சந்தேகம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. இலையுதிர்காலக் கடைசித் தேதிக்குள் சேர்வது அடுத்த பதிப்புக்கு எடுத்துக்கொள்ளப்படும், தவறினால் ஒரு வருடம் போச்சு. செப்டம்பரில் பார்த்த கோஹோவின் குறிப்பை நவம்பரில் சாவகாசமாகத் தட்டச்சு செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அந்த வருடத் தேதியைத் தளத்தில் பார்த்து, படிவத்தின் மேல்பாதியைக் களத்துக்குப் போகும் முன்பே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். வரைவு மாற்றங்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்ட பிறகே விதியாகின்றன. நீக்கம் கோரும் பரிந்துரைகளும் அந்த வரைவிலேயே இருக்கும். உங்கள் வட்டாரத்தின் நீக்கப் பட்டியலை வருடாவருடம் ஒருவர் படித்தே ஆக வேண்டும்.

இதனால் நிஜமாக ஏதாவது மாறியதா?

பிரிஸ்டல் விரிகுடாவைப் பாருங்கள். உலகின் சாக்கையில் ஏறத்தாழ பாதியைத் தரும் இடம், 2022-இல் திரும்பி வந்தவை மட்டும் 7.9 கோடி. அங்கே பெப்பிள் செம்பு, தங்கச் சுரங்கம் வரவிருந்தது நுஷகாக், க்விசாக் ஆறுகளின் தலையில். 2008 முதல் சில கோடைகளில் சுயேச்சை மீன் ஆய்வாளர்கள் அந்தத் தலையோடைகளில் தேடி, பதிவே இல்லாத ஓடைகளில் சால்மனைக் கண்டு பட்டியலுக்குப் பரிந்துரைத்தார்கள். 2010-இல் ஆறு பழங்குடி மன்றங்கள் நீர்நிலைகளில் மண்ணையும் கழிவையும் கொட்டுவதைத் தடுக்க அதிகாரம் தரும் தூய நீர்ச் சட்டத்தின் 404(சி) பிரிவைப் பயன்படுத்தும்படி மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனுக் கொடுத்தன. 2020 நவம்பரில் ராணுவப் பொறியாளர் படை சுரங்க அனுமதியை மறுத்தது. 2023 ஜனவரியில் முகமை 404(சி) பிரிவின்படி தடை விதிக்கும் இறுதி முடிவை அறிவித்தது. அந்த முடிவு அடுக்கும் சேதக் கணக்கில் முதலில் வருவது, ஆறேறும் மீன் இருப்பது பதிவான ஓடைகள் 8.5 மைல். அடுத்து அவற்றைத் தாங்கி நிற்கும் வேறு ஓடைகள் 91 மைல், சதுப்பும் பிற நீர்நிலையும் 2,108 ஏக்கர். பதிவான என்ற அந்தச் சொல்லுக்குள்தான் கூடு போட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் வந்த கருத்துக் கடிதங்களும் உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் கடிதத்தை எண்ணலாம், மைலை வாதாடலாம்.

மரம் வெட்டும் இடங்களில் பலன் இன்னும் நேரடி. டோங்காஸ் தேசிய வனத்தில் 1990 சட்டப்படி சால்மன் ஓடையின் இருபுறமும் குறைந்தது 100 அடிக்கு வணிக மரவெட்டு கூடாது. கடலோர வட்டாரத்தில் தனியார் நிலமென்றால் மாநில விதிப்படி 66 அடி. இதே ஓடை மீனில்லா ஓடை என்று வகைப்படுத்தப்பட்டால் இந்த அகலம் கிடைக்காது. வெட்டுத் திட்டம் தாக்கலாகும் முன்பு மேல்முனைப் புள்ளியை அரை மைல் நகர்த்த முடிந்தால், அந்த அரை மைல் நெடுக நிழல் தரும் மரங்கள் நிற்கும். தண்ணீர்ச் சூட்டுக்கு மாநிலம் வைத்திருக்கும் வரம்பு முட்டையிடும் இடத்தில் 13 பாகை, குஞ்சு வளரும் இடத்தில் 15 பாகை செல்சியஸ். கரைமரம் போனபின் ஒரு சின்ன ஓடை கோடையில் அந்த வரம்புக்குள் நிற்பது கடினம்.

எங்கே ஏமாற்றும்

கழித்த ஒன்றரைக்கு வருவோம். பட்டியலில் ஏறியதால் திட்டம் நின்றுவிடாது, அனுமதி கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். திட்டம் மீனையும் வனவிலங்கையும் முறையாகப் பாதுகாக்கப் போதாது என்று கண்டாலொழிய ஆணையர் அனுமதி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டத்தின் நடை. முறையான பாதுகாப்பு என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. தனித்தனி மீன்வாழிட அனுமதிகளுக்குப் பொது அறிவிப்பும் கருத்துக் கேட்பும் கட்டாயம் இல்லை. உங்கள் கூட்டில் ஏறிய கோஹோவால் பட்டியலில் ஏறிய ஓடைக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்பது உங்களுக்கே பிறகுதான் தெரிய வரலாம்.

நிர்வாகமும் காற்றடிக்கும் பக்கம் சாயும். இந்த அனுமதி தரும் பிரிவை 2003-இல் அன்றைய ஆளுநர் மீன் துறையிலிருந்து பிடுங்கி, சுரங்கத்துக்கும் மரவெட்டுக்கும் நிலம் கொடுக்கும் இயற்கை வளத் துறையிடம் சேர்த்தார். அது திரும்பி வந்தது 2008-இல். சட்டத்தையே இறுக்க 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. எந்த ஓடையையும் மீன் இருப்பதாகவே முதலில் கொண்டு, இல்லை என்பவர் நிரூபிக்கட்டும் என்று சுமையைத் திருப்பிப்போட முயன்றது அது. சுரங்க, எண்ணெய் நிறுவனங்கள் எதிர்ப்பிரசாரத்துக்குப் பணத்தைக் கொட்டின. 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆக, கூடு தூக்கிக்கொண்டு ஓடை ஓடையாகப் போகும் வேலை தொடர்கிறது.

மாற்று என்று பார்த்தால் ஓடைக்குள் தண்ணீரையே முன்பதிவு செய்யும் மாநில நடைமுறை ஒன்று உண்டு. இயற்கை வளத் துறையிடம் விண்ணப்பித்து, மீனுக்காக இவ்வளவு நீரோட்டம் எடுக்கப்படாமல் இருக்கட்டும் என்று உரிமை கேட்கலாம். காகிதத்தில் இது பட்டியலைவிட வலுவான ஆயுதம். நடைமுறையில், சூயிட்னா குடிமக்கள் கூட்டமைப்பு 2009-இல் கேட்டதற்கு 2015 அக்டோபரில்தான் முடிவு வந்தது, கேட்ட மூன்று பகுதிகளில் கீழ்ப்பகுதி ஒன்றுக்கு மட்டும். சுரங்க நிறுவனம் 2017-இல் தானாகவே திட்டத்தை நிறுத்திக்கொண்டது. நீரோட்டத் தரவு வருடக்கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஆளும் பணமும் உள்ள குழுவுக்கே இது கட்டுப்படியாகும். கோடையில் நாலு வார இறுதிகள் மட்டுமே கையில் இருக்கும் குழு பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் குழுக்கள் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. திட்டம் செய்தித்தாளில் வரும்வரை காத்திருந்தால் தாமதம். நிறுவனம் தன் அடிப்படை ஆய்வை நடத்தி முடித்த பிறகு நீங்கள் மீன் காட்டினால், அவர்கள் தரவுக்கும் உங்கள் தரவுக்கும் சண்டை என்றாகும், அதற்குள் அனுமதி வேலை நகர்ந்துகொண்டே இருக்கும். துளையிடும் உரிமம் பதிவாகும்போதே, அல்லது சாலைக்கு அளவைக் கம்பு ஊன்றும்போதே, அந்த வடிநிலத்தின் கோப்பை இறக்கி, நீலக் கோடு சும்மா முடியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஓடைக்கும் கூடுதல் ஆதாரம் என்ற நான்காவது கட்டத்தில் டிக் அடித்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் படமும் எண்ணிக்கையும் அனுப்பி வையுங்கள். ஒரே ஒரு பழைய பார்வையை நம்பி நிற்கும் ஓடையைத்தான் நீக்கப் பரிந்துரை முதலில் தேடி வரும்.